மண் மூடுமுன்

அப்பழுக்கில்லாத ஒரு கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும்போது மனத்தில் நிம்மதி பிறப்பதற்குப் பதிலாகச் சஞ்சலம் பிறப்பது ஏன் என்று நெடுநாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெயிலிலும் மழையிலுமாக ஆறு மாதம் நடந்த ஒரு பாலத்து வேலையின் அளவுப் புத்தகம், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரையில் ஒரே மையில், ஒரே கையின் ஒரே அழுத்தத்தில், அடித்தலோ திருத்தலோ இன்றி, ஏட்டின் மடிப்பில் ஒரு மணற்பொடிகூடச் சிக்காமல் விளங்குமானால், அதைக் கையில் எடுக்கும் தணிக்கையாளருக்கு ஆட்சேபம் எழுப்ப இடமிராது. கூட்டல் சரியாயிருக்கும், பெருக்கல் சரியாயிருக்கும், கையொப்பங்கள் அவரவர் இடத்தில் இருக்கும். ஆனால் எனக்கு அது நடந்த காரியத்தின் பதிவாகத் தோன்றுவதில்லை. தணிக்கைக் குழு வரப்போகிறது என்ற கடிதம் கிடைத்த பிறகு, மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து, இப்படி நடந்திருக்கவேண்டும் என்று ஒருவர் கற்பித்து எழுதிய வியாசமாகவே தோன்றுகிறது. இதற்கு மாறாக, மூலைகள் மடங்கி, தேநீர்க் கறை படிந்து, ஓரிடத்தில் நீலமும் ஓரிடத்தில் கறுப்புமாக மை மாறி, பிழையான எண்ணின்மேல் கோடிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட்டிருக்கும் ஏட்டைக் கண்டால், எழுதியவரை அறியாதபோதும் அவரை நம்பத் தோன்றுகிறது. இந்த நம்பிக்கை நியாயமானதுதானா என்ற சந்தேகமும் உடனே எழுகிறது. இயல்பிலேயே சுத்தமாக எழுதுகிறவர்கள் உலகத்தில் உண்டு. அவர்களுடைய சிரத்தையைக் குற்றமாக்கிவிடக் கூடாது. கறையையும் கசங்கலையும் சத்தியத்தின் அடையாளமாகக் கொண்டாடினால், நாளைக்கே கறையைத் தயாரித்துக் கொடுப்பவரும் தோன்றிவிடுவார். ஆகவே என் சஞ்சலத்துக்குக் காரணம் ஏட்டின் தோற்றமன்று. எழுத்துக்கும் எழுதப்பட்ட காரியத்துக்கும் நடுவில் எவ்வளவு காலம் கழிந்தது என்பதே.

பொதுப்பணித் துறை அலுவலகங்களில் எம்-புக் என்று வழங்கும் அளவுப் புத்தகம் பார்வைக்கு மிக எளிய ஏடு. வேலையின் பெயர், ஒப்பந்தக்காரர் பெயர், ஒப்பந்த எண், அளந்த தேதி. அவற்றின் கீழே எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் அல்லது ஆழம், பெருக்கி வந்த அளவு என்று சில பத்திகள். ஆனால் அதைச் சூழ்ந்து நிற்கும் விதிகளோ மிகவும் கண்டிப்பானவை. பக்கங்களுக்கு அச்சிலேயே எண் இருக்கவேண்டும், ஒரு தாளையும் கிழிக்கலாகாது, எழுதியதை அழிக்கலாகாது, பிழை நேர்ந்தால் அந்தப் பிழை படிக்கத் தெரியும்படியே கோடிட்டு, சரியானதை எழுதி ஒப்பமிடவேண்டும், எழுதாமல் விட்ட இடத்தைக் குறுக்குக் கோட்டால் அடைக்கவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, அளவுகளை வேலை நடக்கும் ஸ்தலத்திலேயே மையால் நேரடியாக எழுதவேண்டுமேயன்றி, துண்டுக் காகிதத்தில் குறித்து வந்து பிறகு சாவகாசமாகப் பெயர்த்தெழுதலாகாது. இந்தக் கடைசி விதிதான் மற்ற எல்லா விதிகளுக்கும் உயிர். அதிகமாக மீறப்படுவதும் அதுவே. அதன் அவசியத்தை உணரவேண்டுமானால் கட்டடத்தின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாதது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். அஸ்திவாரக் குழியில் போட்ட கான்கிரீட்டின் கனம், அதன் அடியில் பரப்பிய மணலின் உயரம், தூணுக்குள் நிற்கும் கம்பிகளின் எண்ணிக்கை, சாலையின் தார்ப்பரப்புக்குக் கீழே கெட்டித்த ஜல்லியின் அளவு ஆகியவை யாவும் சில மணி நேரமே பிரத்யட்சமாக இருப்பவை. கம்பியைத் தராசில் நிறுத்துப் பார்ப்பதுகூட இல்லை. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் நிறை கிலோவில் வந்துவிடும், 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 1.58 என்று. ஆகவே பணம் கொடுக்கப்படுவது எழுதிவைத்த எண்ணிக்கைக்கும் நீளத்துக்கும்தான். கான்கிரீட்டை ஊற்றிய பின் அங்கே பன்னிரண்டு கம்பிகள் இருந்தனவா, பத்துத்தானா என்று கேட்டால், தூணை உடைக்காமல் சொல்லக்கூடிய முதல் சாட்சி அந்த ஏடு ஒன்றே. மண்வேலையில் இது இன்னும் நுட்பமாகிறது. தோண்டுவதற்கு முன் தரையின் மட்டங்களை எடுத்து எழுதிவைக்காவிட்டால், தோண்டி முடிந்த பிறகு எடுக்கும் மட்டத்துக்கு அர்த்தமே இல்லை. எதிலிருந்து எதைக் கழிப்பது? அதனால்தான் குளங்களைத் தூர்வாரும் இடத்தில் நடுநடுவே சிறு மண்திட்டுகளைத் தோண்டாமல் விட்டுவைப்பார்கள். பழைய தரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை அந்தத் திட்டின் உச்சி சொல்லும். அதன் மேல் வெயிலில் கருகிய கோரைப்புல்கூட அப்படியே நிற்கும். அளந்து எழுதிய பிறகுதான் அதை வெட்டி எடுப்பார்கள். தணிக்கைக்கு ஆயத்தமாவது என்பதன் இலட்சணத்தை அந்த மண்திட்டைப்போல் விளக்கும் வேறொன்றை நான் கண்டதில்லை. காரியம் நடந்துகொண்டிருக்கையிலேயே, அந்தக் காரியத்தை நடத்துகிற கையே, தன்னைப் பிறர் சோதிப்பதற்கான ஆதாரத்தை விட்டுவைக்கிறது.

கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இவ்விஷயத்தில் என்னை வியக்கவைத்தது. மைசூரில் இருந்த ஏட்டுப் பிரதியைக் கொண்டு ஷாமசாஸ்திரி 1909-இல் அந்நூலைப் பதிப்பித்த நாளிலிருந்து, ராஜதந்திரத்தையும் ஒற்றர்களையும் பற்றி அது சொல்வதையே எல்லாரும் எடுத்துப் பேசுகிறார்கள். இரண்டாம் அதிகரணத்தில் கணக்குச் சாலையைப் பற்றி வரும் அத்தியாயங்களைப் புரட்டுபவர் சிலரே. அங்கே அரசின் பொருளைக் கையாளுகிறவர்கள் அதை அபகரிக்கக்கூடிய நாற்பது வழிகள் எண்ணிச் சொல்லப்பட்டிருக்கின்றன. பொய் நிறை, பொய் அளவு, பொய் விலை முதலியவற்றை யாரும் முதலில் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பட்டியலின் தொடக்கத்தில் நிற்பவை அவையல்ல. முன்னே நடந்ததைப் பின்னே பதிவதும், பின்னே நடந்ததை முன்னே பதிவதுமே முதலில் வருகின்றன. பொருள் குறையவில்லை, எண் மாறவில்லை, காலம் மட்டுமே மாறியிருக்கிறது. இருந்தும் அதை அவர் அபகரிப்பின் தலைவாயிலில் நிறுத்துகிறார். தேதியைத் தளர்த்திவிட்டால் மற்ற முப்பத்தெட்டுக்கும் வழி திறந்துவிடும் என்று கண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆஷாட மாதத்தில் கணக்கர்கள் முத்திரையிட்ட ஏடுகளோடும் மீதிப் பொருளோடும் வந்து சேரவேண்டும், வந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள விடலாகாது என்று அவர் விதித்திருப்பதும் அதே கருத்தைத் தழுவியதுதான். பேசிக்கொண்டால் கணக்குகள் ஒத்துப்போகும். ஒத்துப்போகாமல் இருக்கக்கூடிய சந்தர்ப்பத்தைக் காப்பாற்றினால்தான் ஒத்துப்போவதற்கு மதிப்பு உண்டு.

அளந்து பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் இவ்வளவு கவலை இருக்குமானால், ஆன செலவையே கணக்கிட்டுக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கவலை பன்மடங்காகும். முதல் உலக யுத்தத்தின்போது அமெரிக்க அரசாங்கம், செலவு எவ்வளவோ அதையும் அதன்மேல் நூற்றுக்கு இவ்வளவு என்று லாபத்தையும் கொடுப்பதாக ஒப்பந்தங்கள் செய்துகொண்டது. செலவு ஏற ஏற லாபமும் ஏறும் என்றால் எந்தச் செலவுதான் குறையும்? இரண்டாம் யுத்தத்தில் அந்த முறையைச் சட்டமே தடுத்தது. லாபத்தை ஒரு தொகையாக நிர்ணயித்துவிட்டுச் செலவை மட்டும் திருப்பிக்கொடுக்கும் முறை அங்கே இன்றும் இருக்கிறது. அந்தச் செலவுகளைப் பரிசோதிப்பதற்கென்றே பாதுகாப்பு ஒப்பந்தத் தணிக்கை நிறுவனம் ஒன்று 1965 முதல் இயங்கி வருகிறது. அந்த நிறுவனத்தின் நடைமுறைகளில் என் மனத்தைத் தொட்டது ஒன்று உண்டு. தொழிற்சாலைக்கு ஒப்பந்தமாய்க் கிடைத்த வேலையில் ஈடுபட்ட ஒவ்வொருவரும், அன்றன்று எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவிட்டார் என்பதை அன்றன்றே தம் கையால் பதியவேண்டும். மேலாளர் மாதக் கடைசியில் உட்கார்ந்து பங்கிட்டு எழுதலாகாது. தணிக்கையாளர் முன்னறிவிப்பின்றி வேலைத்தளத்துக்குள் வந்து, ஒரு தொழிலாளியின் பக்கத்தில் நின்று, இப்போது நீங்கள் செய்துகொண்டிருப்பது எந்த ஒப்பந்தத்தின் வேலை என்று கேட்டு, அவர் சொன்னதைப் பதிவோடு ஒத்துப்பார்ப்பார். பற்றுச்சீட்டுகளை மலையாகக் குவிப்பதைவிட இந்த ஒரு கேள்வி எவ்வளவு ஆழமானது! உழைப்பின் நேரமும் மண்ணுக்குள் மறையும் அஸ்திவாரத்தைப்போன்றதே. மாலையில் அதைத் திரும்பத் தோண்டி எடுத்து அளக்கமுடியாது.

இவ்வளவு தூரம் வந்தபின் என்னை மிகவும் வருத்துகிற விஷயத்தைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டு போக முடியவில்லை. வேலையை யோக்கியமாகச் செய்துவிட்டு ஏட்டைக் கவனியாமல் விட்டவரையும், வேலையில் குறைவைத்துவிட்டு ஏட்டை அழகாக அமைத்தவரையும் தணிக்கை எப்படி வேறுபடுத்தும்? சிற்றூர் ஒன்றில் வாய்க்கால்மேல் சிறுபாலம் கட்ட எடுத்த ஒரு சிறிய ஒப்பந்தக்காரரை நினைத்துப் பார்க்கிறேன். குழி தோண்டும்போது மதிப்பீட்டில் கண்ட ஆழத்தில் கெட்டித் தரை தட்டுப்படவில்லை. களிமண் கசிந்துகொண்டே இருக்கிறது. மேற்பார்வைக்கு வந்த பொறியாளர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டு, இன்னும் இரண்டடி இறக்குங்கள், பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்த வாய்மொழி உத்தரவு தொழில்நுட்பத்தில் முற்றிலும் சரியானது. அதைக் கேளாமல் மேலே கட்டியிருந்தால் பாலம் இறங்கியிருக்கும். ஒப்பந்தக்காரர் நகையை அடகுவைத்தாவது இறக்கிவிடுகிறார். அந்தப் பொறியாளர் மாற்றலாகிப் போகிறார்; மண் மூடுகிறது; பட்டியல் வருகிறது; அதில் இரண்டடி இல்லை, இருந்தாலும் அதற்கு எழுத்துமூல அனுமதி இல்லை, அனுமதி பின்னால் பெற்றதாக இருந்தால் முன்தேதியிட்டதென்ற ஐயம் எழுகிறது. நாலு வருஷம் கழித்துத் தணிக்கைக் குறிப்பு அந்த இரண்டடியை அனுமதியற்ற செலவு என்கிறது. குறிப்பை எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன், ஏனென்றால் பொய்யாக இரண்டடியைச் சேர்த்து எழுதிக் கேட்பவரின் கோப்பும் அச்சு அசலாக அவ்வாறே இருக்கும். யோக்கியமானவரின் அசிரத்தையும் அயோக்கியரின் தந்திரமும் காகிதத்தில் ஒரே ரூபம் எடுத்துவிடுகின்றன. பதிவேடு என்பதை அதிகாரத்துக்குச் செலுத்தும் கப்பமென்று நினைக்கிற நேர்மையாளர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதைத்தான்: அன்று மாலையே அந்த உத்தரவை நாலு வரியில் எழுதி, தேதியிட்டு, பொறியாளரின் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புதல் முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள், தண்ணீர் ஊறும் குழியில் அளவுகோலை நிறுத்திப் படமெடுத்து வையுங்கள், சிமெண்ட் மூட்டைகளின் வரவையும் செலவையும் நாள்தோறும் எழுதி இருதரப்பும் கையொப்பமிடுங்கள். அந்த இரண்டடிக்குச் செலவான சிமெண்ட் அந்த ஏட்டில் தானாகவே பதிவாகியிருக்கும். ஒரு ஏடு மௌனமானாலும் இன்னொரு ஏடு பேசும்.

ஏடுகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதே தணிக்கையின் பெரும் பலம் என்பதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1996-இல் வெளிப்பட்ட பீகார் கால்நடைத் துறை மோசடியில், கால்நடைகளையும் தீவனத்தையும் ஏற்றி வந்ததாகப் பட்டியல்களில் எழுதியிருந்த வாகன எண்களில் சில ஸ்கூட்டர்களுக்கு உரியவை என்று தெரியவந்தது. பட்டியல்களைத் தனியே வைத்துப் பார்த்தால் குறையொன்றும் தெரிந்திராது. வாகனப் பதிவு அலுவலகத்தின் ஏடு, இந்த மோசடியை மனத்தில் கொண்டு எழுதப்படாத ஏடு, வேறு காரியத்துக்காக அன்றன்று எழுதப்பட்டு அமைதியாகக் கிடந்த ஏடு, அது வந்து நின்றது. தமிழ்நாட்டில் மணல், ஜல்லி ஏற்றி வரும் லாரிக்கு நடைச்சீட்டு உண்டு. தாருக்கு எண்ணெய் நிறுவனத்தின் விலைப்பட்டியல் உண்டு. அவற்றிலுள்ள தேதியும் சாலையில் தார் போட்ட தேதியும் பொருந்தவேண்டும். ஒரே விலைப்பட்டியல் இரண்டு சாலைகளுக்குச் சாட்சி சொல்லலாகாது. கோப்பைப் பிறகு புதிதாக எழுதிவிடலாம். ஆனால் அந்தக் கோப்பு தொட்டுச் செல்லும் மற்றக் கோப்புகள் அத்தனையையும் ஒருவராலும் புதிதாக எழுதமுடியாது. பின்னால் எழுதுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் தோற்பது இங்கேதான்.

ஆயினும், காகிதத்துக்குக் காகிதமே சாட்சி என்ற அளவில் நின்றுவிடவும் மனம் ஒப்பவில்லை. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள், 1994 டிசம்பரில், பாலி மாவட்டத்துக் கோட்கிரானா என்ற கிராமத்தில் மக்களைக் கூட்டி வைத்து, அவ்வூர் வேலைகளின் மஸ்டர் ரோல்களையும் பற்றுச்சீட்டுகளையும் உரக்கப் படித்தார்கள். மஸ்டர் ரோல் என்பது கூலியாட்களின் பெயரும் வருகையும் எழுதும் பட்டியல். அதை இரட்டையாகத் தயாரிக்கலாகாது, வருகையை அன்றன்று குறிக்கவேண்டும் என்று பொதுப்பணிக் கணக்கு விதிகள் வெகுகாலமாகச் சொல்லி வருகின்றன. அந்த விதி காக்கவேண்டியது யாரை என்பது கோட்கிரானாவில்தான் எனக்குத் துலக்கமாயிற்று. பெயர் படிக்கப்பட்டபோது அந்தப் பெயருக்குரியவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அந்தத் தேதியில் தாம் அங்கே வேலை செய்யவில்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. கட்டி முடித்ததாகக் கணக்கில் கண்ட கட்டடத்தின் நிலையை, அதைத் தினமும் கடந்து செல்கிறவர்கள் சொன்னார்கள். அதுவரையில் ஏடு மேல்நோக்கியே பயணம் செய்துவந்தது, இளநிலைப் பொறியாளரிடமிருந்து கோட்ட அலுவலகத்துக்கும் அங்கிருந்து மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கும். முதன்முறையாக அது கீழே, எந்த மண்ணில் எழுதப்பட்டதோ அந்த மண்ணுக்கே, வந்து சேர்ந்தது. தகவல் அறியும் உரிமைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவகுத்தவற்றுள் இந்தக் கூட்டங்கள் முக்கியமானவை. (விலக்குகள் மிகுந்ததானாலும் அப்படியொரு சட்டத்தைத் தமிழ்நாடு 1997-லேயே இயற்றியது என்பதை நாம் போதுமான அளவுக்கு நினைப்பதில்லை.) அதே 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, கிராம சபையே தணிக்கை செய்யவேண்டும் என்று எழுதிவைத்தது. தணிக்கையாளர் வரப்போகிறார் என்று அஞ்சி எழுதும் கணக்குக்கும், இதைக் கொத்தனாரும் சித்தாளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணி எழுதும் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் மிகப்பெரிது. முதலாவதில் எழுதுகிறவர் விதியை நினைக்கிறார். இரண்டாவதில் முகங்களை நினைக்கிறார்.

இப்போது அளவுப் புத்தகம் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ஊரக வேலைத்தளங்களில் ஆட்களை வரிசையாக நிறுத்திக் கைப்பேசியில் படமெடுத்து வருகையை ஏற்றும் முறை 2023 தொடக்கத்திலிருந்து கட்டாயமாக்கப்பட்டது. தேதியையும் நேரத்தையும் இயந்திரமே இட்டுவிடும் என்பதால், முன்தேதியிடும் பழைய பாவம் ஒழிந்துவிடும் என்று நானும் நம்பினேன். ஆனால் ஆட்களைப் படமெடுப்பதற்குப் பதிலாக ஏற்கெனவே எடுத்த படத்தையே திரும்பப் படமெடுத்து ஏற்றியதும் நடந்தது. இயந்திரம் பதிகிற நேரம் எழுத்தின் நேரமேயன்றிக் காரியத்தின் நேரமன்று. இரண்டும் ஒன்றாயிருக்கவேண்டுமானால், காரியம் நடக்கும் இடத்தில் எழுதுகிறவர் நின்றுகொண்டிருக்கவேண்டும். அவர் நிற்க முடிகிறதா? இதுதான் யாரும் கேட்காத கேள்வி. ஓர் இளநிலைப் பொறியாளரின் பொறுப்பில் பத்துப் பன்னிரண்டு மைல் இடைவெளிகளில் பல வேலைகள் ஒரே காலத்தில் நடக்கின்றன. ஓரிடத்தில் கம்பி கட்டி முடிந்திருக்கும்போது இன்னோரிடத்தில் கான்கிரீட் ஊற்றத் தொடங்குகிறார்கள். மார்ச் மாதம் முடிவதற்குள் நிதியைச் செலவிட்டாகவேண்டும் என்று மேலிருந்து தந்தி போன்ற செய்திகள் வந்துகொண்டேயிருக்கின்றன. ஒப்பந்தக்காரரின் கணக்குப்பிள்ளை துண்டுக் காகிதத்தில் குறித்துக் கொடுத்த அளவுகளைக் கொண்டு, இரவு வீட்டில் உட்கார்ந்து அவர் ஏட்டை நிரப்புகிறார். அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர் எழுதியவற்றில் பெரும்பாலானவை உண்மையாகவே இருக்கக்கூடும். ஆனால் உண்மையா என்று அவருக்கே தெரியாது. மேலதிகாரிகள் பத்தில் ஒரு பங்கை மறுபடி அளந்து சரிபார்க்கவேண்டும் என்பது மத்தியப் பொதுப்பணித் துறையின் நெடுநாள் வழக்கம். மண் மூடிய பின் அவர்கள் எதை அளப்பார்கள்?

ஆகையால் ஒப்பந்தக் கணக்கின் தணிக்கைக்கு ஆயத்தமாவது தணிக்கைக் கடிதம் வரும் நாளில் தொடங்குவதன்று. முதல் பட்டியல் எழுதும் நாளிலுமன்று. வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கும் நாளில், அந்த வேலையின் மறையப்போகும் பகுதிகள் எவை, அவை எந்தெந்த நாளில் மறையும், அந்நாட்களில் அங்கே நிற்கப்போவது யார் என்று எழுதிவைப்பதில் தொடங்குகிறது. அந்த நாட்களில், மண் தள்ளுவதற்கு முன், எழுதிய அளவுகளை அங்கிருக்கும் கொத்தனாருக்கும் கம்பி கட்டியவருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்து, பிறகு கையொப்பம் வாங்கும் வழக்கத்தைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் அதற்கு ஆகாது. கோப்புகளைக் கேட்டு வரும் தணிக்கைக் குழுவினரும், அளவு அந்தத் தேதியில் ஏன் எழுதப்படவில்லை என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தத் தேதியில் அந்தப் பொறியாளரின் பொறுப்பில் மொத்தம் எத்தனை வேலைகள் நடந்துகொண்டிருந்தன, அவற்றை அவருக்கு ஒதுக்கியவர் யார் என்பதையும் குறிப்பில் எழுதி, அதற்கும் பதில் கேட்கவேண்டும்.